தொண்டைக்குழி

காலை ஏழு மணிக்கும் வாய் திறக்கவில்லை. பிறந்து முப்பத்திநாலு நாள். இன்னும் ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை.

நவநீதகிருஷ்ணன் துணியோடு தூக்கித் தராசில் வைத்து, துணியின் எடையைக் கழித்துப் பார்த்தான். ஐந்து கிராம். பிறந்தபோது ஏழு இருந்தது.

ஒரு சாண் நீளம், செம்மஞ்சள் நிறம். விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பு. மல்லசமுத்திரத்துப் பண்ணையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியில் சூட்டைக் குறைத்து, ஆறு முட்டைகளை இரண்டு மாதம் காவல் காத்தான். ஐந்து கூமுட்டை. இது ஒன்றுதான் பொரிந்தது.

அவன் செய்து பார்க்காதது எதுவும் இல்லை. செத்த எலிக்குஞ்சை வெந்நீரில் சூடாக்கிக் காட்டினான். சுவர்ப் பல்லியைப் பிடித்து எலிக்குஞ்சின் மேல் தேய்த்து வாசம் ஏற்றினான். குட்டியையும் எலிக்குஞ்சையும் ராத்திரி இருட்டு டப்பாவில் ஒன்றாக அடைத்து வைத்தான். காலையில் பார்த்தால் குட்டி எலிக்குஞ்சின் மேலேயே தலை வைத்துப் படுத்திருந்தது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் பத்து வருஷமாகப் பாம்பு வளர்க்கும் யோகேஷை வீடியோ காலில் அழைத்தான். குட்டியைப் பார்த்ததும் யோகேஷ் உதட்டைப் பிதுக்கினான்.

“இன்னிக்கு உள்ள போகலீன்னா இனித் தாங்காதுங்ணா. நீங்களே வாயத் தொறந்து வெச்சு உடுங்க. பொட்டக் குட்டிங்க, உட்றாதீங்க. இதுல பொட்டைக்குத்தான் மவுசு.”

செல்போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்துவிட்டு நவநீதன் குட்டியைப் பிடித்தான். அது விரலைச் சுற்றி முறுக்கியது. மூன்று தடவை எலிக்குஞ்சை வாயில் வைத்தான். மூன்று தடவையும் துப்பியது.

மகளின் பள்ளிக்கூடப் பையோடு மதுமதி வந்து நின்றாள்.

“ஏனுங்க, எம் புள்ள சோறு திங்காதப்ப ஒரு நாளாவது இப்பிடி உக்காந்திருப்பீங்களா?”

“சும்மா இரு மது. கையெல்லாம் உதறுது.”

“உங்கம்மாளக் கூப்புட்டுத் தொலச்சிறாதீங்க. தனப்பிரியா பொறந்தப்ப, ஒரு சங்கு பாலு ஊத்துங்க அத்தேன்னு கெஞ்சுனேன். ‘என்ற கையால வேண்டாம்’னுட்டு மாட்டுக் கட்டுத்தாரைக்குப் போயிட்டாங்க. பொட்டப் புள்ளைன்னா அத்தன எளப்பம்.”

வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பொன்னாத்தாளின் காதில் அது விழுந்தது. விழட்டும் என்றுதான் மதுமதி சொன்னாள். பன்னிரண்டு வருஷம் புற்றுக்குப் பால் ஊற்றி நவநீதனை ஒற்றை மகனாகப் பெற்றவள் பொன்னாத்தாள். குட்டி பொரிந்ததிலிருந்து அது இருந்த அறைப்பக்கம் வந்ததில்லை.

“அது என்ன குட்டி சாமி?” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

“என்ன குட்டின்னா? பாம்புக் குட்டிங்கம்மா.”

“அது தெரீது. ஆணா, பொட்டையா?”

“பொட்டைங்க. செத்துப்போயிரும் போல.”

பொன்னாத்தாள் முறத்தை நகர்த்திவிட்டு எழுந்தாள். குழாயடியில் கை கழுவினாள். மோந்து பார்த்து மறுபடியும் கழுவினாள்.

“இங்க கொண்டா.”

“அத்தே, அது பாம்பு!” என்றாள் மதுமதி.

பொன்னாத்தாள் குட்டியை இடது உள்ளங்கையில் கிடத்தினாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தாடையின் இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்தன. லேசாக ஓர் அழுத்து. வாய் திறந்தது.

எலிக்குஞ்சைத் தலைப்பக்கமாக உள்ளே வைத்து உடனே வாயை மூடிப் பிடித்தாள். வலது சுண்டுவிரலால் தொண்டைக்குழியில் மேலிருந்து கீழாகத் தடவினாள். விரல் நடுங்கவில்லை.

“கைய உட்றக் கூடாது. உட்டாத் துப்பீரும். முழுங்கற வரைக்கும் மூஞ்சியப் பாக்கக் கூடாது.”

அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குட்டியின் கழுத்து ஒரு தடவை புடைத்தது. புடைப்பு மெல்லக் கீழே நகர்ந்து வயிற்றில் ஒரு சின்ன மேடாக நின்றது.

செல்போனுக்குள் யோகேஷ் கை தட்டினான். “அம்மா கையத் தொட்டுக் கும்புடோணுங்ணா! இப்பிடி ஒரு புடி நான் பாத்ததே இல்லீங்க.”

நவநீதனுக்குக் கண் கலங்கிவிட்டது. மதுமதிகூடச் சிரித்துவிட்டாள்.

“இந்தக் கைய வெச்சுக்கிட்டா அத்தே, எம் புள்ளைக்கு ஒரு சங்கு பாலு ஊத்த மாட்டேன்னீங்க?”

பொன்னாத்தாள் குட்டியை டப்பாவில் விட்டு மூடினாள். மூச்சுக்காக மூடியில் போட்டிருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். குழாயடிக்குப் போய் சோப்பை எடுத்தாள்.

நவநீதன் பின்னாலேயே போனான். “இத எங்க பழகுனீங்கம்மா? சின்னதுல நான் பாலு குடிக்காம அத்தன அடம் புடிச்சனா?”

நுரை போன பிறகும் அவள் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“நீ தானாக் குடிச்ச சாமி. உனக்கு முந்திப் பொறந்த மூணு பொட்டப் புள்ளைகதான் துப்பித் துப்பி உட்டுதுக.”