அத்தாட்சி

"கல்யாணம் ஆனதுக்கு அத்தாட்சி ஏதாவது இருக்கா?"

லாட்ஜ் மேனேஜர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

அவள் முந்தானை நுனியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு வேலை கிடைத்த ஊருக்குக் குடிபோகிறார்கள். சாமான் வண்டி முன்னால் போய்விட்டது. பைக்கில் வந்தவர்களை மழை பாதி வழியில் மடக்கிவிட்டது. ஒரு ராத்திரி தங்க இடம் வேண்டும், அவ்வளவுதான்.

"ரெண்டு பேரோட அடையாள அட்டையும் கொடுத்தாச்சே."

"நீங்க யாரு யாருன்னு அது சொல்லும். ஒருத்தருக்கொருத்தர் என்ன வேணும்னு சொல்லாது."

அவள் புருஷன் மெல்ல போனை எடுத்தான். வீட்டில் அவனுக்குச் சமாதானம் என்று பட்டப்பெயர். அவளுக்கு வக்கீல்.

"இதுல இருக்குடி. காட்டிட்டுப் போய்ப் படுக்கலாம். முதுகு விட்டுப்போச்சு," என்று அவள் காதோரம் சொன்னான்.

அவள் போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஒரு ஆம்பளை தனியா வந்து ரூம் கேட்டா, தனி ஆளுங்கிறதுக்கு அத்தாட்சி கேப்பீங்களா?"

"அது வேற."

"எப்படி வேற?"

"வேறன்னா வேறதாம்மா."

"சரி, அக்காவும் தம்பியும் வந்தா? பெத்தவங்களைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்லச் சொல்வீங்களா?"

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த லாட்ஜ் முதலாளி நிமிர்ந்தார்.

"எதுக்குப்பா போட்டு வாட்டுறே? பாவம், குளிர்ல நடுங்குதுங்க. மாடியில பன்னெண்டாம் நம்பரைக் கொடு. நல்ல ரூம்மா அது, கட்டிலுக்கு எதிர்ல இவ்வளவு பெரிய கண்ணாடி இருக்கும்."

"பார்த்தீங்களா? இவர் மனுஷன்," என்றாள் அவள்.

"போலீஸ் வந்தா பதில் சொல்றது நான்தானே, முதலாளி? போன வாரம் வந்து சத்தம் போட்டுட்டுப் போனது மறந்துடுச்சா?"

போலீஸ் என்றதும் முதலாளி மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

"வா, வேற இடம் பார்க்கலாம்," என்றான் சமாதானம்.

"நீ இப்படி ஒதுங்கிப் போறதாலதான் எல்லாரும் தலையில ஏறி உக்கார்றாங்க."

"நீ பேசுறதாலதான் நாம நடுத்தெருவுல நிக்கிறோம்."

"அப்போ தப்பு என்மேலதான், இல்ல?"

சமாதானம் மேனேஜரைப் பார்த்தான். "சார், நீங்களே சொல்லுங்க. கல்யாணம் ஆகாதவங்க இப்படியா சண்டை போடுவாங்க?"

மேனேஜர் சிரிக்கவில்லை. அட்டைகளைத் திருப்பித் தள்ளினார். சோபா வரைக்கும் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினார்.

"மானமுள்ள குடும்பத்துப் பொண்ணு இப்படி நின்னு வாயாடாது. கிளம்புங்க."

அவள் அட்டைகளை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"உங்க லாட்ஜ்ல தங்கினாத்தான்யா என் மானம் போகும்."

வெளியே வந்து பைக் பக்கத்தில் நின்றார்கள். மழை விடுவதாயில்லை.

"ஒரே ஒரு தடவை காட்டியிருந்தா இந்நேரம் காய்ஞ்ச துணி மாத்தியிருக்கலாம்," என்றான் சமாதானம்.

"காய்ஞ்ச துணிக்காக எவன் எதைக் கேட்டாலும் காட்டுவியா?"

"உன்கிட்ட வாய் கொடுத்தேன் பாரு."

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மேனேஜர் ஒரு ஹெல்மெட்டோடு வந்து நின்றார்.

"விட்டுட்டு வந்துட்டீங்க."

"திட்டுறதுக்கு மிச்சம் ஏதாவது இருந்தா அதையும் சேர்த்துக் கொடுத்துட்டுப் போங்க," என்றாள்.

அவர் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பன்னெண்டாம் நம்பர்ல, கண்ணாடிக்குப் பின்னால கேமரா இருக்கும்மா. வெச்சது முதலாளிதான்."

சாவியைத் திருகப் போன சமாதானத்தின் கை அப்படியே நின்றது.

"ஜோடியா யார் வந்தாலும் அந்த ரூமைத்தான் கொடுக்கச் சொல்வாரு. நான் அத்தாட்சி கொண்டா, அது கொண்டான்னு விரட்டிவிட்டுடுவேன். போறவங்க சாபம் விட்டுட்டுத்தான் போவாங்க. விடட்டும். உன்னை அப்படிப் பேசினதை மனசுல வெச்சுக்காதேம்மா. தெருமுனையில ஒரு அம்மா லாட்ஜ் நடத்துறாங்க, அங்க போங்க. பயமில்லை."

சமாதானம் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். "நீங்க நல்லா இருக்கணும் சார். தெரியாம என்னென்னவோ பேசிட்டோம்."

"பரவாயில்லை தம்பி. நல்லவேளை, உங்ககிட்ட அத்தாட்சி இல்லை."

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். திறந்து, அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். கல்யாணப் பதிவுச் சான்றிதழ், முத்திரையோடு.

"இருந்துச்சு. வீம்புக்குத்தான் காட்டலை."

மேனேஜர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வாயாடி, காட்டலை. சரி. நீங்க கேட்டதும் மரியாதையா எடுத்துக் காட்டியிருப்பாங்களே சில பேரு, அவங்களுக்கு எந்த ரூம் சாவியைக் கொடுத்தீங்க?"

"என்னால முடிஞ்சது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

சமாதானம் கும்பிட்ட கையை இறக்கினான்.

"போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.