மூடாத சுவர்

"இன்னும் மூடலையா மேஸ்திரி?"

சூப்பர்வைசர் கேட்டபோது போர்டு மேஸ்திரி பக்கத்து அறையில் சீலிங்குக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து இறங்கவில்லை.

"மூடலாம் சார்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. முந்தாநேத்தும்."

அந்த மாடி முழுவதும் பல் ஆஸ்பத்திரிக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. ஏழு அறைகள். செங்கல் கிடையாது. தகரச் சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடித்து மூடுகிற சுவர்கள். ஆறு அறைகளில் பெயின்ட்டரே புகுந்துவிட்டார். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மட்டும் ஒரு சுவர் ஒரு பக்கம் திறந்து கிடந்தது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. அளந்து வெட்டிய நாலு போர்டுகள் அந்தத் திறப்பின் மேலேயே சாத்தி நின்றன. ஸ்க்ரூ அடித்தால் போதும். அரை மணி நேரம்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். எலெக்ட்ரீஷியன்.

அவனுக்கு அங்கே மின்னல் என்று பேர். வேலையில் அல்ல, கிளம்பிப் போவதில். போன வாரம், மேஸ்திரி முடித்து வைத்த சீலிங்கில் விளக்குக்கு ஓட்டை போடுகிறேன் என்று நாலு விரல் தள்ளி வெட்டிவிட்டான். மேஸ்திரி மாடி அதிரக் கத்தினார். கையோடு சூப்பர்வைசரிடமும் போய்ச் சொன்னார்.

"இன்னொரு தப்பு நடந்துச்சு, மறுநாள்லேர்ந்து நீ வர வேணாம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். அதோடு மேஸ்திரிக்கும் மின்னலுக்கும் பேச்சு நின்றது.

மூன்று நாள் முன்னால் மின்னலின் மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். போன் வந்தபோது அவன் அந்தச் சுவருக்குள்தான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். "முடிஞ்சுது சார், மூடச் சொல்லிடுங்க" என்று ஓடியவன், இன்னும் லீவில் இருக்கிறான்.

"அவன் சொல்லி நான் மூடறதாங்கற வீம்பு" என்றார் பெயின்ட்டர், மேஸ்திரி காதில் விழும்படியாகவே. "குழந்தைக்கு அடிபட்டு ஓடியிருக்கான். அப்பவும் மனசு இளகலை பாருங்க."

மேஸ்திரி கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

சூப்பர்வைசருக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க மூட வேணாம். வேற ஆளை வச்சு நான் மூடிக்கறேன்."

இப்போது மேஸ்திரி மளமளவென்று இறங்கினார்.

"என் போர்டுல வேற ஆள் கை வச்சா, நான் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவேன் சார். பாதி சீலிங் பாதியாவே நிக்கும்."

"அவ்வளவு திமிரா? மேல் மாடி வேலையும் உங்களுக்குன்னு பேசி வச்சிருந்தேன். அது கிடையாது. போதுமா?"

நாலு மாத வேலை அது. மேஸ்திரியின் முகம் ஒரு கணம் வாடியது.

"உங்க இஷ்டம் சார்."

மறுபடி ஏணியில் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை மின்னல் வந்தான். சூப்பர்வைசர் அவனைப் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

"உன்மேல உள்ள கோவத்துல அந்த ஆளு சுவரையே மூடாம வச்சிருக்கார். நாளைக்குக் கரண்டு குடுக்க வர்றாங்க. நீயே போய்ப் பேசு."

மின்னல் விறுவிறுவென்று உள்ளே போனான்.

"என்ன மேஸ்திரி, என்மேல கோவம்னா என்னை அடிங்க. சுவர் என்ன பண்ணுச்சு உங்களை?"

மேஸ்திரி அவனைத் திறந்து கிடந்த சுவரிடம் கூட்டிப் போனார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். சாத்தியிருந்த போர்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார். டார்ச்சை அவன் கையில் கொடுத்தார்.

சட்டத்துக்குப் பக்கத்தில், இரண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்த இடத்தில், டேப் இல்லை. செம்புக் கம்பி அம்மணமாகத் தகரத்தின் மேல் சாய்ந்து கிடந்தது.

மின்னலுக்குப் பார்த்ததுமே புரிந்தது. கரண்டு வந்திருந்தால் அந்தச் சட்டம் முழுக்கப் பாய்ந்திருக்கும். சுவரில் ஒரு ஸ்க்ரூவின் தலையைத் தொட்டாலும் போதும். உட்காரப் போவதோ பல் வலியோடு வரும் குழந்தைகள்.

"போன் வந்த பதற்றத்துல... அண்ணே, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணியிருந்தா பொண்ணை ஆஸ்பத்திரியில விட்டுட்டு ஓடி வந்திருப்ப. எனக்கு இந்தக் கரண்டு வேலை தெரியாது. தெரிஞ்சா நானே சுத்திட்டு மூடியிருப்பேன்." மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "கை எப்படி இருக்கு அவளுக்கு?"

"கட்டுப் போட்டிருக்கு."

"சரி, மளமளன்னு முடி."

அந்த ஒயரை உருவிப் புதுசு இழுக்க இருபது நிமிஷம் ஆனது. மேஸ்திரி குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு, முதல் போர்டைத் தூக்கி நிறுத்தி, பேட்டரி மெஷினால் ஸ்க்ரூ அடிக்க ஆரம்பித்தார். கடைசி போர்டு முடியும்போது சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"ஒரு வழியா இறங்கி வந்தாச்சா? இந்த வீம்புக்கு ஒரு மாடி வேலையையே கெடுத்துக்கிட்டீங்களே மேஸ்திரி!"

மின்னல் முன்னால் வந்தான். "சார், அவர்மேல தப்பில்ல. அன்னைக்கு நான்தான்..."

மேஸ்திரி ஸ்க்ரூ மெஷினை அழுத்தினார். அறையே அதிர்ந்தது. மின்னலின் உதடு அசைந்தது. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு சூப்பர்வைசர் வெளியே போகும்வரை மேஸ்திரி விரலை எடுக்கவில்லை.

மெஷினின் நுனியில் ஸ்க்ரூவே இல்லை.