மூன்றாவது கலவை

"மெஷினை நிறுத்துங்க! இன்னொரு துண்டு வெட்டாதீங்க!"

கத்திக்கொண்டே மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடி வந்தாள், அந்த அழிரப்பர் தொழிற்சாலையின் தரப் பரிசோதகி. கையில் கிழிந்த காகிதம்.

கலவை மாஸ்டர் திறந்திருந்த கருவிப் பெட்டியை அவசரமாகக் காலால் தட்டி மூடிவிட்டுப் பட்டனை அமுக்கினார். உருளைகள் முனகிக்கொண்டே நின்றன.

"மாஸ்டர், இது ரப்பரா, செங்கல்லா? ஒரே தேய்ப்பு. எழுத்தோட பேப்பரும் போச்சு!"

"வெள்ளைப் பொடி ஒரு பிடி கூடிடுச்சு போல..."

"பொடி ஏறினா கல்லாயிடும்னு பதினாறு வருஷம் கலக்கினவருக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாக்கும்? நாலு மணிக்கு முதலாளி வர்றார். ஸ்கூல் ஆர்டருக்கு ஒரு நல்ல துண்டு அவர் கையில இருக்கணும். இல்லேன்னா இந்த மெஷின் வேற ஆளுக்கு, நீங்க அடுத்த ஊர் கிளைக்கு. காலையிலேயே சொல்லிட்டாரில்ல?"

"அங்கேயும் மாடியில டெஸ்ட் ரூம் இருக்குமா மேடம்?"

"இருக்கும். நான்தான் இருக்க மாட்டேன்."

மாஸ்டரின் முகம் தொங்கிப்போயிற்று. அந்தத் தொழிற்சாலையில் ஒண்டிக்கட்டைகள் இரண்டே பேர். ஒருவர் கீழ்த்தளத்தில், ஒருத்தி மாடியில்.

இரண்டு மணிக்கு இரண்டாவது கலவையோடு மாஸ்டரே மாடியேறினார். யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். இரண்டு வருடங்களாக அவர் அப்படிச் செய்ததில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னு..."

"கேளுங்க."

"பென்சில் புதுசா?"

"போன வாரம் கேட்டீங்களே, அதே பென்சில்தான்."

காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, கையால் மறைத்து ஒரு வரி எழுதினாள். தேய்த்தாள். எழுத்து போகவில்லை, சாம்பல் பூசியதுபோல் தீற்றிக்கொண்டது. சட்டென்று உள்ளங்கையால் மூடினாள்.

"என்ன எழுதினீங்க?"

"அழியுதான்னு பார்க்கத்தான் எழுதறது. என்னன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"தினமும் எழுதறீங்க. நான் எட்டிப் பார்க்கறதுக்குள்ள அழிச்சிடறீங்க. என் கலவை நல்லா இருக்கறதே எனக்கு எதிரியாப் போச்சு."

"பேச்சை மாத்தாதீங்க." துண்டை நகத்தால் கீறினாள். ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது. "பாருங்க. மர ரப்பரும் செயற்கை ரப்பரும் ஒட்டவே இல்லை. பொடி மொத்தத்தையும் ஒண்ணு தின்னுட்டு உட்கார்ந்திருக்கு, இன்னொண்ணு பட்டினி. ரெண்டையும் சேர்த்து வைக்கிற மருந்து போட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

"அது இல்லாம எத்தனை நேரம் உருட்டினாலும் ரெண்டும் முகம் கொடுத்துப் பேசாது, மாஸ்டர்."

"சிலது அப்படித்தான் மேடம். பக்கத்துலயே இருக்கும். பேச வாய் வராது."

அவள் பென்சிலைச் சீவத் தொடங்கினாள். தேவைக்கு மேலேயே சீவினாள்.

"பொடியை ரெண்டுலயும் தனித்தனியாப் பிசைங்க. அப்புறம் மருந்து. கடைசியாச் சேருங்க. இதை நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணுமா? கிளைக்குப் போக அவ்வளவு ஆசைன்னா பெட்டியைக் கட்டிக்கோங்க."

மாஸ்டர் படியிறங்கினார்.

மூன்றாவது கலவை வந்தபோது நாலடிக்கப் பத்து நிமிடம். பார்க்க வெண்ணெய் மாதிரி இருந்தது. அவள் அழுத்திப் பார்த்தாள். மாஸ்டரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு நிதானமாக எழுதினாள். இந்த முறை ஒரு வரி இல்லை, நாலு வரி.

தேய்த்தாள். ரப்பர் எழுத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு தூள்கூட உதிரவில்லை.

"பொடியே போடலை," என்றாள். ஏனோ கோபப்படவில்லை. காகிதத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

கீழே கார் ஹாரன் கேட்டது.

"முதலாளி! நான் போய் ரெண்டு நிமிஷம் பேச்சுக் கொடுக்கிறேன்."

அவள் காலடிச் சத்தம் படிகளில் தேய்ந்து மறையும்வரை காத்திருந்து, மாஸ்டர் காகிதத்தைப் புரட்டினார். ஓர் எழுத்துகூட அழியாமல் முத்து முத்தாக இருந்தது:

'மூணையும் வேணும்னேதான் கெடுத்தீங்கன்னு தெரியும். காலையில ஒழுங்காக் கலந்து கருவிப் பெட்டியில ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அந்தத் துண்டை முதல்ல முதலாளிகிட்ட கொடுங்க. அப்புறம் ரெண்டு வருஷமாக் கேட்க நினைக்கிறதை என்கிட்ட கேளுங்க. அழிக்காம பதில் சொல்றேன்.'