அதுவும் சரியா இருந்தா?

“கார் ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல எதைப் பார்ப்பீங்க தம்பி?” என்று கேட்டபடியே பட்டறைக்குள் வந்தார் மணிமேகலை.

“வண்டி எங்கக்கா நிக்குது? நானே வாரேன்” என்றார் மெக்கானிக் அருளப்பன்.

“சாணார்பட்டியில, வீட்டுல. நாளைக்கு எரியோட்டுல பேத்திக்குக் காதுகுத்து. நீங்க வர வேணாம், வாயால சொன்னாப் போதும்.”

கூலியை மிச்சம் பிடிக்க வந்த ஆள் என்று அருளப்பன் எடை போட்டார். ஆனாலும் தொழில் பேச்சு என்றால் அவர் வாய் நிற்காது.

“சாவியைத் திருப்பினதும் பின்சீட்டுக்கு அடியில பெட்ரோல் பம்ப் ‘உய்ங்’னு சத்தம் போடணும். போடலைன்னா அதுக்குக் கரண்ட் போகலை. பியூஸைப் பார்ப்பேன்.”

“அதுவும் சரியா இருந்தா?”

“பம்ப் ரிலே. பம்புக்குக் கரண்டை விடுற சுவிட்சு, கறுப்பா, சின்னப் பெட்டி மாதிரி இருக்கும்.”

“அது கெட்டுப்போயிருந்தா?”

“பக்கத்துலயே அதே அளவுல ஹார்ன் ரிலே இருக்கும். அதைப் பிடுங்கி இதுல மாட்டினா வண்டி கிளம்பிரும்.”

மணிமேகலை புருவத்தைச் சுருக்கினார். “அப்ப ரெண்டையுமே கழட்டி ஒளிக்கணுமா?”

“ஒளிக்கணுமா? எதுக்குக்கா?”

“வண்டி நல்லாத்தான் ஓடுது தம்பி. எங்க வீட்டுக்காரருக்குத்தான் போன மாசம் வலிப்பு வந்துச்சு. வண்டியைத் தொடக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. இவரு பேரப்பிள்ளைகளை ஏத்திக்கிட்டு நானே ஓட்டுவேன்னு நிக்கிறாரு. காலமெல்லாம் வேன் ஓட்டின மனுசன், இந்த வித்தையெல்லாம் அவருக்கு அத்துப்படி.”

அருளப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அப்ப ஏசி ரிலேயையும் எடுத்துருங்கக்கா, அதுவும் அதே அளவுதான். அண்ணன் போன் பண்ணினா, நாளைக்கு நான் ஊர்ல இல்லை.”