அம்மாவின் பீரோ

“அம்மா வந்து இறங்கறதுக்குள்ள சொல்லிடுவீங்களா சார்?” என்று அக்கா மறுபடியும் கேட்டாள். தலையணைக்குப் புது உறை மாட்டிக்கொண்டே வாசல் பக்கம் ஒரு கண் வைத்திருந்தாள்.

“மரத்தை அவசரப்படுத்த முடியாது மேடம்” என்றார் லென்ஸ்காரர். பழைய மரச்சாமான்களைப் பார்த்து வயது சொல்வது அவர் தொழில். கழுத்தில் எந்நேரமும் ஒரு லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்ததில், அவருடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது.

வீட்டின் கடைசி அறை அது. புது வர்ணத்தின் வாசனை இன்னும் போகவில்லை. கட்டிலில் மடிப்புக் கலையாத விரிப்பு. ஜன்னலில் கனமான திரை. படுத்தால் நேரே கண்ணில் படும்படி, எதிர்ச்சுவரை அடைத்துக்கொண்டு நின்றது அந்த மர பீரோ.

“அப்பா போனதும் அம்மா இதை வித்துட்டாங்க” என்றான் தம்பி. ஆள் நல்ல உயரம், குரல் மட்டும் சின்னது. “நானும் அக்காவும் தேடாத கடையில்ல. போன வாரம்தான் கண்ணுல பட்டுச்சு. ஆனா இதே மாதிரி எத்தனையோ இருக்குமே சார். எங்க வீட்டுதுதானான்னு தெரியணும்.”

லென்ஸ்காரருக்கு மனசு குளிர்ந்தது. பெற்றவளின் நகையைத் தேடி அலைகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். பீரோவைத் தேடி அலைந்தவர்களை இப்போதுதான் பார்க்கிறார்.

கீழே இருந்த இழுப்பறையை உருவிக் கவிழ்த்தார். மூலைகளில் பலகைகள் விரல் கோத்ததுபோல இணைந்திருந்தன. ஒரு பல் அகலம், ஒரு பல் குறுகல். “கையால வெட்டினது. மெஷின்ல வெட்டியிருந்தா எல்லாம் ஒரே அளவா இருக்கும்.” பீரோவை நகர்த்தச் சொல்லி முதுகுப் பலகையில் டார்ச் அடித்தார். ரம்பம் போன தடம் நேர்நேராகத் தெரிந்தது. “வட்ட ரம்பம் வராத காலம். நூறு வயசுக்குக் குறையாது.”

“வயசு சரி. எங்களுதுதானா?”

“அதை மரம் சொல்லாது மேடம். நீங்கதான் ஏதாவது அடையாளம் சொல்லணும்.”

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “கீழ பாருங்க” என்றாள் அக்கா.

முட்டி வலியைப் பொருட்படுத்தாமல் தரையில் மண்டியிட்டார். முதுகுப் பலகையில், இழுப்பறைக்குச் சற்று மேலே, வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். முதலில் பூச்சி அரித்தது என்றுதான் நினைத்தார். லென்ஸை வைத்துப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“பூச்சி இவ்வளவு ஒழுங்கா வரிசையில போகாது. டிரில் போட்டிருக்காங்க. வெளிப்பலகை கறுத்துக் கிடக்கு, ஓட்டைக்குள்ள மரம் வெளுப்பா இருக்கு பாருங்க. பீரோவுக்கு ரொம்பப் பிந்தினது. முப்பது, நாப்பது வருஷம் இருக்கலாம்.”

“அப்பா போட்டது” என்றான் தம்பி. “அம்மாவுக்குத் தெரியாம.”

“எதுக்கு?”

“காத்து வேணுமில்ல.”

“அதானே, துணியெல்லாம் புழுங்கிடுமே! விவரமான மனுஷன்” என்று சிரித்தார் லென்ஸ்காரர்.

பிறகு கதவைத் திறந்து உள்பக்கம் பார்த்தார். இடுப்பளவுக்குக் கீழே மெருகெல்லாம் போய், தாறுமாறாகக் கீறல்கள். “வீட்டுல பூனை இருந்துச்சோ?”

“தம்பிதான் சார்” என்றாள் அக்கா.

“அட, பார்த்தா பரம சாது மாதிரி இருக்காரு. சரியான வாலா இருந்திருக்காரே!”

தம்பி குனிந்து அந்தக் கீறல்களில் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. சின்ன வயசு ஞாபகம் யாரைத்தான் விட்டது என்று லென்ஸ்காரர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இதேதான் அக்கா” என்றான் தம்பி.

“சந்தேகமே வேண்டாம்” என்றார் லென்ஸ்காரரும். “ஒரே ஒரு குறை. பூட்டு புத்தம் புதுசு. பழசையே விட்டுவச்சிருந்தா நல்ல விலைக்குப் போகும்.”

“இதை விக்கற எண்ணமே இல்ல சார்.”

வாசலில் வேன் வந்து நின்றது. இருவரும் ஓடினார்கள். சற்று நேரத்தில் சக்கர நாற்காலியில் அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான் தம்பி. பக்கவாதத்தில் ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்ட கிழவி. மடியில் போர்வை, கலையாமல் வாரிய தலை. தன்னை யார் எங்கே கொண்டுபோனாலும் சரி என்பதுபோல அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

பீரோவைப் பார்த்ததும் அந்த முகம் மாறியது. கண்கள் அகல விரிந்தன. அசைகிற கை ஒன்று மகனின் சட்டையை எட்டிப் பிடித்து, விடாமல் இழுத்தது.

“பார்த்தீங்களா, தெரிஞ்சுடுச்சு!” லென்ஸ்காரருக்கு வாயெல்லாம் பல். “இதைவிட என்ன சாட்சி வேணும்? கொடுத்துவச்சவங்கம்மா நீங்க. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளைங்க இப்படிச் செய்யுது!”

தம்பி சட்டையிலிருந்து அந்தக் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து மடியில் வைத்தான். அக்கா ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

லென்ஸ்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அறை வாசற்படியில் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார். “கேக்கணும்னு நினைச்சேன். பீரோவுல ஒரு தட்டுகூடக் காணோமே. இதுக்குள்ள என்னதான் வைக்கப் போறீங்க?”

அக்கா பீரோவின் கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

“அம்மாவை.”