பெருக்கல் குறி போட்ட சந்து

"இந்தச் சந்து மேல சிவப்புல பெருக்கல் குறி போட்டிருக்கீங்களே, அதை எடுத்துடுங்க கண்ணு. அது தப்பு."

காலை உணவை முடித்துக்கொண்டு வந்த நெவுசா, விடுதியின் வரவேற்பு மேசையில் வரைபடத்தை விரித்தாள். தங்கையோடு பிரேசிலிலிருந்து போர்ட்டோ நகரத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவள். அறுபது வயதிருக்கும்.

மேசைக்குப் பின்னால் இருந்த வானியாவுக்குக் காது சூடானது. ‘இரவில் பத்திரமாக நடக்க’ என்ற அந்த வரைபடம் அவள் தயாரித்தது. எந்தத் தெருவில் விளக்கு எரியும், எந்தப் படிக்கட்டு மழையில் வழுக்கும், எங்கே கைப்பையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்று மூன்று மாதம் நடந்து பார்த்துக் குறித்திருந்தாள். கவனமாக நடக்க வேண்டிய இடங்களுக்கு மஞ்சள். போகவே கூடாது என்று சிவப்பு போட்டது ஒரே ஒரு இடத்துக்குத்தான். அதையும் இரண்டு தரம் அழித்துவிட்டு மூன்றாம் தரம் போட்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு வரைபடம் அச்சுக்குப் போகிறது. அது நல்லபடியாக அமைந்தால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் அபீலியு சொல்லியிருந்தார். அவரும் காபிக் கோப்பையோடு பக்கத்தில்தான் நின்றார்.

"எந்த இடம் மேடம்?" என்றார் அவர்.

"இந்த அமொரெய்ரா சந்து. நேத்து ராத்திரி நாங்க அங்கதான் இருந்தோம்."

"அடடா. கைப்பை பத்திரமா வந்துச்சா?"

"வந்துச்சு. போகும்போது காலியா போச்சு, வரும்போது எலுமிச்சம்பழம் நிறைய வந்துச்சு."

வானியா குறுக்கிட்டாள். "மேடம், அது லைன் வீடுங்க இருக்கிற இடம். ஒரே வாசல்தான். உள்ள போயிட்டா வெளிய வர வேற வழி கிடையாது. விளக்கும் சரியில்ல."

"விளக்கு சரியில்லதான். ஆத்தங்கரையிலேருந்து வரும்போது வழி தவறிட்டோம். ஒரு பெரிய வீட்டுக்கு அடியில நடை மாதிரி இருந்துச்சு. குறுக்கு வழின்னு நினைச்சு நுழைஞ்சா, உள்ள ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டி வீடு. நாங்க நடக்க நடக்க ஒவ்வொரு கதவா திறக்குது. ஒவ்வொரு கதவுலயும் ஒரு தலை. என் தங்கச்சி பயந்துபோய் ஜெபமாலைய எடுத்துட்டா."

அபீலியு சிரித்தார். "அவங்க அப்படித்தான். பூனை நுழைஞ்சாக்கூட யார் வீட்டுப் பூனைன்னு விசாரிச்சுட்டுத்தான் உள்ள விடுவாங்க."

"எங்களையும் விசாரிச்சாங்க. கடைசி வீட்டு அம்மா வந்து, எந்த எருமை உங்களுக்கு இந்த வழியக் காட்டுச்சுன்னு கேட்டாங்க. கேட்டதுல பாதி வார்த்தைய நான் இங்க சொல்ல முடியாது."

"போர்ட்டோ வாய் மேடம். திட்டினா பிடிச்சுப்போச்சுன்னு அர்த்தம்."

"ரொம்பவே பிடிச்சுப்போச்சு போலிருக்கு. திட்டிக்கிட்டே உட்கார வச்சாங்க. திட்டிக்கிட்டே கீரை சூப்பும் சோள ரொட்டியும் வச்சாங்க. அப்புறம் செருப்ப மாட்டிக்கிட்டு இந்தத் தெருமுனை வரைக்கும் கூடவே வந்தாங்க. பாவம், முட்டிவலி வேற. பத்துப் படிக்கு ஒரு தடவ நின்னு, படி கட்டினவன் பரம்பரையையே திட்டிட்டுத்தான் ஏறினாங்க. விடுதிக்குள்ள வந்து கொஞ்சம் உட்காருங்கன்னு கெஞ்சினோம். வரவே மாட்டேன்னுட்டாங்க."

வானியா பேனாவை மூடினாள், திறந்தாள். "ஒருத்தங்க நல்லவங்களா இருந்தா, அந்தச் சந்தே பத்திரம்னு ஆயிடாது மேடம்." சொல்லி முடிப்பதற்குள் தன் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது.

"அதுவும் நியாயம்தான்," என்றார் அபீலியு. "ஆனா இப்படி அச்சடிச்சுட்டு, நாளைக்கு அந்தச் சந்துக்காரங்க நம்ம வாசல்ல வந்து நின்னா? அவங்க வாய்க்கு நான் ஆளில்ல. நீ ராத்திரியில அங்க போய்ப் பார்த்தியா வானியா?"

"பார்த்தேன் சார்."

"அங்க உனக்கு யாரையாவது தெரியுமா? ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணலாம்."

"இல்ல சார். யாரையும் தெரியாது."

நெவுசா அவள் முகத்தையே பார்த்தாள். "முன்நெத்தியில மட்டும் நரை. இடது மணிக்கட்டுல இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அந்த அம்மாவையும் தெரியாதா?"

"தெரியாது மேடம்."

வானியா கணினியின் பக்கம் திரும்பி எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். திரை அணைந்திருந்தது.

"சரி, குறி இருக்கட்டும். நடந்து பார்த்தவ நீ, உன்னை நம்பாம யாரை நம்புறது?" என்றார் அபீலியு. "சாயங்காலம் வந்து நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ." கோப்பையோடு தன் அறைக்குள் போய்விட்டார்.

நெவுசா வரைபடத்தை நிதானமாக மடித்தாள்.

"எனக்கு உன்மேல கோபம் இல்ல கண்ணு. நீ இப்படித்தான் சொல்லுவேன்னு அவங்க நேத்தே சொல்லிட்டாங்க. நான்தான் நம்பல. கேட்டுப் பார்த்தேன்."

வானியா நிமிர்ந்தாள்.

"அவங்க வீட்டுச் சுவத்துல நீ பட்டம் வாங்கின படம் மாட்டியிருக்கு. பார்த்ததும், அட, எங்க விடுதிப் பொண்ணுன்னு சொல்லிட்டேன். உங்கம்மா சட்டுன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. ‘அங்க யார் கேட்டாலும் என்னைத் தெரியாதுன்னுதான் சொல்லுவா. தப்பா எடுத்துக்காதீங்க. நான்தான் அவள அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கேன்’னாங்க."

அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.