பஞ்சு தொடாத பால்

பூனை இன்றைக்கும் பாலைத் தொடவில்லை. கிண்ணத்தை ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, விருந்து சாப்பிட்ட சம்பந்தி மாதிரி சமையலறை மூலையில் சாய்ந்து மீசையை நக்கிக்கொண்டது.

"பார்த்தியா? எலிக்குட்டி தின்ன வயித்துல பால் எங்க இறங்கும்?" மூடி போட்ட கூடையை நங்கென்று தரையில் வைத்தார் கணவர். "எட்டுல அஞ்சைக் காணோம்! தம்பிக்குப் போன் பண்ணிட்டேன். பத்து நிமிஷத்துல வண்டி வந்துடும். உன் பஞ்சு இனிமே அவன் குடோன்லதான்."

அவள் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. சாக்கடை ஓரத்தில் ஈரத்துணி போலக் கிடந்த வெள்ளைப் பூனைக்குட்டியை எடுத்து வந்து, சொட்டு சொட்டாகப் பால் புகட்டிப் பிழைக்க வைத்தவள் அவள். மகள் வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகு, அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசுவது அந்தப் பூனையிடம் மட்டும்தான். அது போய்விட்டால் இனி யாரிடம் பேசுவாள்?

மனுஷனைச் சொல்லியும் குற்றமில்லை. கடிகாரம் பழுது பார்க்கிறவர். பின்னறையில் தேன் நிறச் சுண்டெலி வளர்ப்பது அவருக்கு உயிர். அந்த நிறம் வருவதற்கே மூன்று தலைமுறை பிடித்தது. ஆனால் பஞ்சு வந்த இந்த இரண்டு மாதத்தில் இரண்டு ஈத்துக் குட்டிகள் காணாமல் போய்விட்டன. தாய் எலி மகராசிக்கு வயதாகிவிட்டது, இதுதான் அவளுடைய கடைசி ஈத்து.

அதற்காக அவர் போட்ட சட்டம் கொஞ்சமா நஞ்சமா? ரேடியோ கூடாது, மிக்சி கூடாது, பின்னறைப் பக்கம் பலமாகத் தும்மக்கூடக் கூடாது. "பூனை வாடை பட்டாலே போதும், பயத்துல பெத்தவளே குட்டியைத் தின்னுடுவா. நீ அதைத் தூக்கின கையோட இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்காதே!" என்று மனைவியைப் பின்னறைக்குள்ளேயே விடுவதில்லை. அவராவது பூனையைத் தொடுவதாவது! அதைக் கண்டாலே "சனியன்" என்பார்.

"பஞ்சு இதைச் செஞ்சிருக்காதுங்க" என்றாள். "வாங்க, கதவுகிட்டப் போய்ப் பார்க்கலாம்."

முந்தின ராத்திரி படுக்கப் போகுமுன் பின்னறை வாசலில் முகப்பவுடரைத் தூவி வைத்திருந்தாள். பூனை போனால் தடம் தெரியுமே! இருவரும் குனிந்து பார்த்தார்கள். பவுடரில் அவர் செருப்புத் தடம் மட்டும்தான் போய் வந்திருந்தது.

"அது நான்தான். ஆறு மணிக்குத் தண்ணி வைக்கப் போனேன். அப்ப எட்டும் இருந்துச்சு. ஒவ்வொண்ணா தொட்டு எண்ணினேன். இப்பப் போய்ப் பார்த்தா மூணுதான்."

"அதுக்கப்புறம் நான் எழுந்ததுலேர்ந்து பஞ்சு என் காலைச் சுத்திக்கிட்டுத்தாங்க இருக்கு. கதவுல தாழ்ப்பாள், ஜன்னல்ல கம்பிவலை. எப்படிங்க உள்ள போகும்?"

அவர் விறுவிறுவென்று உள்ளே போய், இரண்டு விரலில் எதையோ பிடித்துக்கொண்டு வந்தார். வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினார். நீளமான ஒரு வெள்ளை முடி.

"மகராசி கூட்டுக்குள்ள கிடந்துச்சு. என் எலியில ஒண்ணுகூட வெள்ளை கிடையாது. இதுக்கு என்ன சொல்றே?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாசலில் கொழுந்தன் வண்டியின் ஹாரன் அலறியது.

"கிளம்பட்டும். தூக்கி உள்ள போடு" என்றார்.

"என் கையால நான் செய்ய மாட்டேன். வேணும்னா நீங்களே தூக்கிப் போடுங்க."

"நானா?" அவர் ஒரு நிமிஷம் தடுமாறினார். மறுபடியும் ஹாரன். வேறு வழியில்லாமல், கூடையைத் திறந்து வைத்துவிட்டுப் பூனை முன்னால் குத்துக்காலிட்டார். "ஏய் சனியனே, வா இங்க!"

பஞ்சு பயந்து ஓடவில்லை. சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வந்தது. அவர் கைமேல் ஏறி, தோளில் உட்கார்ந்து, மோவாயை முட்டிக் கொஞ்சியது. பிறகு தன் வீட்டு அலமாரியைத் திறப்பது போல அவருடைய ஸ்வெட்டர் பைக்குள் முன்னங்காலை விட்டுத் துழாவியது. பாதி கடித்த பால் பிஸ்கட் ஒன்று தரையில் விழுந்தது.

அவள் அந்த பிஸ்கட்டைப் பார்த்தாள். தொடாத பாலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அது... விடிகாலையில டீ குடிக்கிறப்போ... அதுவாத்தான் மடியில வந்து உக்காருது" என்றார் அவர். காது மடல் சிவந்துவிட்டது. "வேணாம்னுதான் பார்த்தேன். குளிருதேன்னு ஸ்வெட்டருக்குள்ள விட்டு, நாலு பிஸ்கட்..."

"எத்தனை நாளா?"

"அது வந்ததுலேர்ந்தே."

"அந்தக் கையோடதான் குட்டிங்களைத் தொட்டு எண்ணினீங்களா?"

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பஞ்சு அவர் கழுத்தோரம் சுகமாகக் குர்ர்ரென்றது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் கையிலிருந்து ஒரு வெள்ளை முடியை எடுத்து, அவர் விரலில் இருந்த முடியோடு சேர்த்து வைத்தாள்.

"மிச்ச மூணுமாவது பொழைக்கணும்னா, ஸ்வெட்டரைக் கழட்டிக் கூடையில போடுங்க!"